ஏழாவது ஜோடி

பதினொரு கிராமுக்காக ஒரு மனுஷன் பெண்டாட்டியை அறையைவிட்டு வெளியே அனுப்புவாரா? என் வீட்டுக்காரர் அனுப்பினார். சத்தம் போட்டிருந்தாலாவது பதிலுக்கு நானும் நாலு வார்த்தை சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அதுவும் இல்லை. தராசிலிருந்து இறக்கையை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீ கேக்கோட நிறுத்திக்கோ. இதுல இனிமே கை வைக்காத" என்றார். நான் கையுறைகளை உருவிக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு வெளியே வந்தேன்.

என்ன வேலை, என்ன இறக்கை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்குப் புரியாது.

இவர் உடைந்த குளியல் தொட்டிகளுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் ஃபைபர் ஒட்டிக் கொடுப்பவர். அது வயிற்றுப்பாட்டுக்கு. உயிரை வைத்திருப்பது வேறொன்றில். வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்தவென்று ஓர் அறை கட்டினோம். கார் வாங்கவேயில்லை. அந்த அறையில் ரிமோட்டில் பறக்கும் கிளைடர்களுக்கு இறக்கையும் வாலும் செய்கிறார். கிளைடருக்கு மோட்டார் கிடையாது. குன்றின் விளிம்பில் நின்று கையால் வீசினால், சரிவில் மோதி மேலேறும் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். உயரம் போனதும் மூக்கைக் கவிழ்த்துப் பாயவிட வேண்டும். யாருடையது வேகமாகப் பாய்கிறது என்பதுதான் போட்டி.

பறக்க விடுவது இவருடைய தங்கை. எனக்கு நாத்தனார். பேருந்து ஓட்டுகிறாள் என்பதால் நான் அவளை டிரைவரம்மா என்றுதான் கூப்பிடுவேன். ஐம்பது பேரை உட்கார வைத்துக்கொண்டு அலுங்காமல் வண்டி ஓட்டுகிறவள், கிளைடரைக் கையில் எடுத்தால் பேய் பிடித்தவள்தான்.

இந்த இறக்கையை யாரும் செதுக்குவதில்லை. அச்சில் எடுக்கிறார்கள். மேல்பாதிக்கு ஓர் அச்சு, கீழ்பாதிக்கு ஓர் அச்சு. உள்பக்கத்தில் முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு பளபளப்பு. அதில் மெழுகு தேய்த்து, துடைத்து, மறுபடி தேய்த்து, ஆறு தடவை. ஒரு விரல் அகலம் மெழுகு விட்டுப்போனாலும் இறக்கை அச்சோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டையும் சேர்த்துத் தூக்கிப்போட வேண்டியதுதான். மெழுகின் மேல் பெயின்ட், அதன் மேல் கார்பன் துணி, துணி முழுக்க ரெசின் என்கிற பிசின். அச்சைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தால், பை துணியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இறுகியபின் இரண்டு பாதிகளின் ஓரத்திலும் பசை வைத்து, ஒன்றன்மேல் ஒன்றைக் கவிழ்த்து, திருகி மூட வேண்டும். மறுநாள் திறந்தால் முழு இறக்கை. ஒன்றரை மீட்டர் நீளம், நானூறு கிராம்தான் எடை. இடது ஒன்று, வலது ஒன்று சேர்ந்தால் ஒரு ஜோடி. வால் இன்னும் சின்னது, இரண்டு கை அகலம்கூட இருக்காது. அதைத் தூக்கத்தில்கூடச் செய்துவிடுவார்.

அந்தப் பசை வைக்கும் வேலை என்னுடையது. ரெசினில் பஞ்சுத்தூளைப் போட்டு க்ரீம் பதத்துக்குக் கலந்து, பிளாஸ்டிக் கோனில் நிரப்பி, விளிம்பு நெடுகப் பிழிய வேண்டும். நான் ஒரு பேக்கரியில் பன்னிரண்டு வருஷமாக கேக்குக்கு க்ரீம் பிழிகிறவள். முதல் ஐந்து ஜோடிக்கு இவர் குச்சியால் பசையை அப்பிக்கொண்டிருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், "தள்ளுங்க, அது என்ன சுவத்துக்கு சிமென்ட்டு பூசுற மாதிரி" என்று கோனை எடுத்தேன். ஆறாவது ஜோடிக்கு என் கைப்பசை. பக்கத்திலேயே நின்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். மெச்சிக்கொண்டார்கூட. ஏழாவதுக்கும் நான்தான் வைத்தேன். அதுதான் இரண்டு பக்கமும் பதினொரு பதினொரு கிராம் கூடிப்போய், என்னை வெளியே அனுப்பியது.

சிவப்பு மார்க்கரில் 'கழிவு' என்று எழுதி அந்த ஜோடியை மூலையில் சாய்த்துவைத்தார். நான் பார்க்கவேண்டுமென்றே எழுதியது போல இருந்தது எனக்கு. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்தாரா என்று தெரியவில்லை, அது இன்னும் எரிச்சல்.

இதற்கு நடுவில் டிரைவரம்மா ஆறாவது ஜோடியையும் உடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஆறு ஜோடியும் உடைந்தது ஒரே மாதிரிதான். கிளைடர் பாய்ந்து இறங்கும்போது ஒரு வேகத்துக்கு மேல் போனால் இறக்கைக்கு உதறல் எடுக்கும். டர்ர்ரென்று ஒரு சத்தம். கண்ணை மூடித் திறப்பதற்குள் இறக்கை இரண்டாய் மூன்றாய்ப் போயிருக்கும். அந்தப் பயத்தில் இவள் பாதி உயரத்திலிருந்துதான் பாயவிடுவாள். இரண்டு வருஷமாகப் போட்டியில் கடைசி. மூன்றாவது போட்டிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

"புதுசு வர்ற வரைக்கும் கை பழக இதை எடுத்துட்டுப் போறேண்ணே" என்று கழிவைத் தூக்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள்.

"அண்ணே, உதறல!"

"பாதியில இருந்து விட்டிருப்ப."

"உச்சியில இருந்து விட்டேன். போனா போகட்டும், கழிவுதானேன்னு விட்டேன். சீட்டி அடிச்சுக்கிட்டு இறங்குது. திரும்புறப்ப மட்டும் கொஞ்சம் சோம்பேறித்தனம் பண்ணுது. மத்தபடி கல்லு மாதிரி இருக்கு. என்ன பண்ணின அதுல?"

இவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

மறுநாள் கூடவே போய்த் தன் கண்ணால் பார்த்துவிட்டு வந்து பேயறைந்தவர் மாதிரி உட்கார்ந்தார். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். எல்லாவற்றையும் எழுதி வைப்பார்: அறையின் சூடு, ரெசின் எத்தனை கிராம், துணி எந்தச் சுருளிலிருந்து வெட்டியது, எத்தனை மணி நேரம் மூடி வைத்தது. அந்தப் பதினொரு கிராமைத் தவிர ஆறாவது ஜோடிக்கும் ஏழாவது ஜோடிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதே அச்சு, அதே துணி, அதே கை. எனக்கும் உள்ளுக்குள் குடைய ஆரம்பித்துவிட்டது. ஏன் உதறவில்லை? கேட்டால் என் ரோஷம் என்ன ஆவது? கேட்காமல் இருந்தால் தூக்கம் வருமா? கேட்கவில்லை. தூக்கமும் வரவில்லை.

எட்டாவது ஜோடியை இவர் தனியாகவே செய்தார், பழையபடி குச்சியால் பசை வைத்து. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, அவர் செய்ததிலேயே அதுதான் அழகு. விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. எடையும் ஒரு கிராம் பிசகவில்லை. டிரைவரம்மா கொண்டுபோனாள். முக்கால் உயரத்திலிருந்து விட்டதுமே டர்ர்ர் என்றது. நல்லவேளை, சட்டென்று மூக்கைத் தூக்கிக் காப்பாற்றிவிட்டாள்.

அன்றைக்கு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை போட்டி. வீட்டுக்கு வந்ததும் இவர் அலமாரியிலிருந்து ரம்பத்தை எடுத்தார். ஏழாவது ஜோடியின் இடது இறக்கையை மேசைமேல் வைத்தார்.

"அண்ணே, என்ன பண்ற?"

"வெட்டிப் பாக்கணும். உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்."

டிரைவரம்மா இறக்கையின் மேல் அப்படியே கவிழ்ந்து படுத்துவிட்டாள். "என்னை வெட்டிட்டு வெட்டு. மூணு வருஷத்துல உருப்படியா ஒண்ணு கிடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை பறக்கவிட்டுட்டுக் கொண்டுவந்து தர்றேன், அப்புறம் துண்டு துண்டா நறுக்கிக்கோ."

"ஞாயித்துக்கிழமை அது தரையில குத்தி நொறுங்கிப்போச்சுன்னா? அப்புறம் எதைப் பாத்து நான் தெரிஞ்சுக்கிறது? ஒரு போட்டிக்கு ஒரு ரெக்கை போதும். அதுக்கு அப்புறம் எதை வெச்சுப் பறப்ப?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதுதான் தொல்லை. நான் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். படியைத் தாண்டவில்லை.

இவர் தலையைத் தூக்காமல் கேட்டார். "அன்னிக்கு நீ என்ன பண்ணின?"

"கை வைக்காதன்னீங்க. இப்ப கை என்ன பண்ணுச்சுன்னு கேக்கிறீங்களா?"

"விளையாடாத. நெஜமாத்தான் கேக்கிறேன்."

"தெரியாது" என்றேன். அது வீம்பு இல்லை, நிஜமாகவே தெரியாது. என் கை செய்தது எனக்கே தெரியவில்லை என்பது அந்த நிமிஷத்தில் பெரிய அவமானமாக இருந்தது. "சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க. நான் கண்டுபிடிக்கிறேன். முடியலன்னா வெட்டிக்கோங்க."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். டிரைவரம்மா இறக்கையிலிருந்து எழுந்திருக்காமலே என்னைப் பார்த்தாள். "அண்ணி, உங்களைத்தான் நம்பியிருக்கேன். எப்படியாவது யோசிங்க."

யோசித்தால் வருமா? பாத்திரம் கழுவும்போது யோசித்தேன், குளிக்கும்போது யோசித்தேன், ஒன்றும் வரவில்லை. வெள்ளிக்கிழமை பேக்கரியில் ஒரு பெரிய வட்டக் கேக்கு. சுற்றிலும் ஓரக்கரை வைக்க வேண்டும். கோனை அழுத்தினேன். ஆரம்பத்தில் ஒரு குண்டு விழுந்தது. கத்தி முனையால் அதை வழித்து எடுத்துவிட்டு மேலே போனேன். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான். கோனின் முதல் பிழியல் எப்போதுமே தடித்துத்தான் வரும். வழித்துவிட்டுத் தொடங்குவது கைக்குப் பழகிப்போய், வழிப்பதே தெரியாது.

கத்தி முனையில் இருந்த அந்தக் குண்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அறையில் கத்தி ஏது? ஆறாவது ஜோடிக்கு அந்தக் குண்டை யார் வழித்தது? இவர்தான். பக்கத்தில் நின்றாரே, குச்சியால் வழித்து எடுத்தார். ஏழாவதுக்கு?

"என்னம்மா, கேக்கு முன்னால நின்னு தவம் பண்றியா?" என்றார் பேக்கரி மாஸ்டர்.

"மாஸ்டர், ஒரு நிமிஷம் பேசாம இருங்க" என்றேன். பாவம், நல்ல மனுஷன், பேசாமல் இருந்தார்.

ஏழாவதுக்கு இவர் என் பக்கம் நிற்கவேயில்லை. இறக்கையின் அடிப்பக்கத்தில், கிளைடரின் உடம்போடு பொருந்தும் பித்தளைக் குழாய் கோணலாக உட்கார்ந்துவிட்டது. இவர் குனிந்து அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முதுகு முழுக்க இடத்தை அடைத்துக்கொண்டது. எப்போதும் அடியிலிருந்து ஆரம்பித்து நுனிக்குப் போகிறவள், அன்றைக்கு நுனியிலிருந்து ஆரம்பித்தேன். கிண்ணத்தில் ரெசின் சூடேறிக்கொண்டிருந்தது. விட்டால் கோனுக்குள்ளேயே கல்லாகிவிடும். குண்டை வழிக்க நேரமும் இல்லை, கத்தியும் இல்லை. முன்விளிம்பில், நுனியில், அப்படியே விட்டேன். இடது இறக்கைக்கும் அப்படி, வலது இறக்கைக்கும் அப்படி. இரண்டு பக்கமும் ஒரே அளவு கூடியதற்குக் காரணம் அதுதான். என் கை அளவு தப்பாது.

வேலை முடிந்ததும் பேருந்துக்குக்கூட நிற்காமல் வீட்டுக்கு நடந்தேன். இவர் அறையில் இருந்தார். வாசல்படியில் நின்று, "ரெண்டு ரெக்கையையும் சமையலறைக்குக் கொண்டுவாங்க. ஏழாவதுல ஒண்ணு, எட்டாவதுல ஒண்ணு. ரம்பம் வேண்டாம்" என்றேன். மறுபேச்சில்லாமல் கொண்டுவந்தார்.

தரை துடைக்கிற கம்பை மேசையில் படுக்கவைத்து ஆடாமல் கட்டினேன். எட்டாவது இறக்கையை அதன் மேல் நீளவாக்கில் வைத்து, முன்னும் பின்னும் நகர்த்தினோம். தராசு முள் போல ஓர் இடத்தில் நின்றது. அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டோம். ஏழாவதை எடுத்து அதே இடத்தில் வைத்தோம். பொத்தென்று முன்விளிம்பைக் கவிழ்த்துக்கொண்டது. இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தியபின்தான் நின்றது. இவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டார். அது ஆச்சரியம் வந்தால் செய்வது.

அப்புறம் ஒரு நாணயத்தை எடுத்து முன்விளிம்பைத் தட்டிக்கொண்டே போனேன். டிக், டிக், டிக். நுனிக்கு நாலு விரல் இருக்கும்போது தொம் என்றது. உள்ளே கெட்டியாக ஏதோ இருக்கிறது. நடந்ததைச் சொன்னேன்.

"நுனியில கனமா?" என்றார். "நுனி இறகு மாதிரி லேசா இருக்கணும்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. அங்க கனம் வெக்கவே கூடாது."

"நான் எல்லாரையும் கேக்கல. இந்த ரெக்கையைத்தான் கேட்டேன். அது சொல்லுது."

"அதனாலதான் உதறலங்கிறதுக்கு என்ன சாட்சி? வேற ஏதாவதும் இருக்கலாம். வெட்டினாத்தான்..."

"வெட்டினா குண்டு இருக்குன்னு தெரியும். அதனாலதான் உதறலன்னு எப்படித் தெரியும்?" கோபத்தில் சொன்னதுதான், ஆனால் சொன்னபிறகு நானே அசந்துபோனேன். சரியாகத்தானே இருக்கிறது! "உதறுற ரெக்கையில கனத்தை வெச்சுப் பாப்போம். எட்டாவதுல. முன்விளிம்புல, நுனியில, ஈயத்தை ஒட்டுவோம். உதறல் நின்னா நான் சொன்னது சரி. நிக்கலன்னா நீங்க ரம்பத்தை எடுங்க, நான் குறுக்க வரல."

அவர் எட்டாவது இறக்கையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தார். அவர் செய்ததில் அதுதான் நல்லது என்று அவருக்கும் தெரியும். "உடைஞ்சுடும்" என்றார் மெல்ல. என் இறக்கையில் ரம்பம் வைக்க அவருக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை, தன்னுடையது என்றதும் யோசனை வருகிறது. மனதில் ஏறிய அந்தக் கசப்பை நான் மறைக்கவும் இல்லை.

சனிக்கிழமை காலையில் மூன்று பேரும் குன்றுக்குப் போனோம். நான் இதற்கு முன் அங்கே போனதில்லை. காற்று முகத்தில் அறைந்தது. இவர் எட்டாவது ஜோடியின் இரண்டு நுனியிலும் எட்டு எட்டு கிராம் ஈயப் பட்டையை வைத்து டேப் ஒட்டினார். டிரைவரம்மா ரிமோட்டைப் பிடித்தாள். இவர் கிளைடரை வீசினார். அது ஏறி, ஏறி, ஒரு சின்னப் புள்ளியானது.

"விடவா?"

"விடு" என்றேன் நான். இவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூக்கைக் கவிழ்த்தது. டர்ர்ர் வரும், இதோ வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வரவில்லை. விர்ரென்ற சீட்டிதான் வந்தது. எங்கள் தலைக்கு நேராகக் கிழித்துக்கொண்டு போய், எதிர்ப்பக்கம் ஏறியது. டிரைவரம்மா வாய்விட்டுக் கத்தினாள். நான் கையைத் தட்டினேன். சிரிப்பும் வந்தது.

இறக்கியதும் இவர் ஓடிப்போய் நுனியைத் தொட்டுப் பார்த்தார். "நாலு கிராம் எடுத்துடலாமா?" என்று தங்கையைக் கேட்டார். எடுத்தார்கள். மறுபடி உச்சியிலிருந்து பாய்ந்தது. உதறவில்லை. திரும்புகிற சோம்பேறித்தனமும் குறைந்துவிட்டதாம்.

"போதும், தெரிஞ்சுபோச்சு" என்றாள் டிரைவரம்மா. "அண்ணி சொன்னதுதான் சரி. ஏழாவதை வெட்ட வேண்டாம், நாளைக்கு அதுல போறேன். எட்டாவதையும் நாலு கிராமோட பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோகலாம்."

எல்லாம் சரிதான். நான் கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்கலாம். ஆனால் எனக்கு ஆறவில்லை. எட்டில் உதறவில்லை, நாலில் உதறவில்லை, ஒன்றுமே இல்லாவிட்டால் உதறுகிறது. அப்படியென்றால் எந்த இடத்தில்?

"ரெண்டு கிராம் வெச்சா?" என்றேன்.

"ரெண்டுல உடையும் அண்ணி. எதுக்கு வம்பு?"

"உடையுமா, உடையாதான்னு தெரியாதே."

"உடைஞ்சா இது போச்சு. அண்ணன் செஞ்சதுலயே இதுதான் நல்லா வந்தது."

அவருடைய இறக்கை, நான் யார் கேட்க? கிளைடரை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தேன். இவர் என் கையிலிருந்து அதை வாங்கினார். நகத்தால் டேப்பைக் கிளப்பி, ஈயப் பட்டையில் பாதியைக் கத்தரியால் வெட்டி எடுத்தார். அந்தப் பக்கமும் வெட்டினார்.

"அண்ணே, வேண்டாம். உடையும்."

"உடைஞ்சா உடையட்டும்" என்றார். "அவ கேக்கிறா இல்ல?"

வீசினார். இந்தத் தடவை வேறு பக்கம் திரும்பவில்லை. என் பக்கத்தில் வந்து நின்று, அண்ணாந்து பார்த்தார். புள்ளி கவிழ்ந்தது. சீட்டி. இன்னும் சீட்டி. பாதி தூரம் தாண்டியபின் டர்ர்ர்ர். இடது இறக்கை நடுவில் ஒடிந்து தனியாகச் சுழன்றது. மீதி எல்லாம் சரிவில் போய்க் குத்தியது.

அப்புறம் இவர் சிரித்தார். இந்த மனுஷன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "பாதி தூரம் தாங்கிச்சு பாத்தியா! மூணு வெச்சிருந்தா போதும்!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். டிரைவரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் கழண்டுபோச்சு."

சரிவில் இறங்கித் துண்டுகளைப் பொறுக்கினோம். வால் மட்டும் கீறல்கூட இல்லாமல் புல்லில் கிடந்தது. நாளைக்கு ஏழாவதை மாட்ட டிரைவரம்மாவிடம் இன்னொரு உடம்பு இருந்தது. இவர் ஒடிந்த இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "ஒன்பதாவதுக்கு நுனியில இருந்து ஆரம்பிக்கிறதா இருந்தா, குண்டை மூணு கிராமுக்கு எப்படி நிறுத்துவ?" என்று கேட்டார்.

மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவர் வாயில் வரவில்லை. வரும் என்று பத்துப் பன்னிரண்டு நாளாகக் காத்திருந்தேன், அதற்கு என்னென்ன பதில் சொல்வதென்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அதெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. கல்யாணமான பதினேழு வருஷத்தில் இந்த மனுஷன் ஒரு வேலையை எப்படிச் செய்வதென்று என்னிடம் கேட்டது அன்றைக்குத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை, பார்த்தால் பார்க்கட்டும்.

"கோன் ஓட்டையைச் சின்னதா வெட்டணும்" என்றேன். "முதல்ல ஒரு காகிதத்துல பிழிஞ்சு எடை போட்டுப் பாக்கணும். பத்துப் பதினஞ்சு தடவையாவது."

"சாயங்காலம் ரெசின் கலக்கவா?"

"கலக்குங்க" என்றேன்.